குவித்த படி

"இன்னா செட்டியாரே, பொரியை இப்படித் தலை தட்டி அளக்கிற? ஏகாம்பர செட்டியாரு படின்னா கோபுரமா குவிஞ்சி நிக்கும்" என்றாள் அஞ்சம்மாள்.

கன்னியப்ப செட்டியாருக்கு வயிறு எரிந்தது. எதற்கெடுத்தாலும் ஏகாம்பரம்! காலையில் ஏரித் தண்ணீர்த் தகராறில் இவர் நியாயம் சொன்னபோதும், "ஏகாம்பர செட்டியாரு ஒரு வார்த்தை சொன்னா, ஊர்ல எதிர்ப் பேச்சே கிடையாது" என்று ஒருவன் இவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனான்.

"ஏகாம்பரம், ஏகாம்பரம்! கேட்டுக் கேட்டு காது புளிச்சிப் போச்சு" என்று பொருமிக்கொண்டே பொரியைக் கட்டிக் கொடுத்தார்.

பக்கத்தில் நின்றவள் நர்மதா. கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலை கிடைத்து, ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவள்.

"அவரு கடை எங்க இருக்குதுண்ணா? ஆயுத பூஜைக்கு எங்க கம்பெனிக்குப் பத்துப் படி பொரி வேணும். அங்கயே வாங்கிக்கிறேன்."

"அவரு கடையிலதாம்மா நீ நின்னுக்கினு இருக்கிற!" என்று வெடித்தார் கன்னியப்பன். "அவரு செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆவுது. என் தாத்தாவுக்குத் தாத்தா!"

"அப்ப பத்துப் படியையும் இங்கயே போடுங்கண்ணா" என்று நர்மதா சாக்குப் பையை நீட்டினாள்.

செத்தவரிடம் போய்த் தோற்பதா? வந்த ஆத்திரத்தில் பத்துப் படியையும் வழிய வழியக் குவித்து அளந்து போட்டார் கன்னியப்பன்.

"இப்ப சொல்லு, யாரு கை தாராளம்?"

அஞ்சம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பின்ன? ஏகாம்பர செட்டியாரு ரத்தமாச்சே!"