வேலிக்கு அந்தப் பக்கம்

“பஸ் கிளம்புறதுக்குள்ள எங்கம்மாகிட்ட பேசி ராசியாகிடுங்க. இல்லேன்னா பிரசவத்துக்குப் போறவ போனவதான். குழந்தையோட அங்கேயே இருந்துடுவேன்” என்றாள் மனைவி.

ஏழு மாத வயிற்றோடு தோட்டத்து பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மிரட்டுகிற குரல் இல்லை. காய்கறி விலை சொல்கிற குரல். அதனால்தான் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரான அவள் கணவன் பயந்துபோனான்.

“என்னைக் கண்டாலே உங்கம்மா ஓடுறாங்களே, நான் என்ன பண்றது?”

“நீங்களும் ஓடுங்க.”

நகரத்துக்கு வெளியே, அந்தக் காலத்துப் பணக்காரர்கள் வெயிலுக்குப் பயந்து கட்டிக்கொண்ட பங்களாக்களைக் காட்டும் ஒரு நாள் சுற்றுலா அது. குறுக்கே கயிறு கட்டித் தடுத்த கட்டில், கயிறு கட்டிய சோபா, தொடாதீர்கள் என்று பலகை மாட்டிய பியானோ. காலையிலிருந்து உட்காரக் கூடாத நாற்காலிகளாகப் பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் கால் வலி. எந்தப் பங்களாவிலும் மாமியார் அவனோடு ஒரே அறையில் நிற்கவில்லை. அவன் ஒரு வாசலில் நுழைந்தால் அவர் அடுத்த வாசலில் வெளியேறினார். ஓர் அறைக்கு நாலு வாசல் வைத்துக் கட்டிய புண்ணியவான்கள் அவர் பக்கம்தான் போலிருக்கிறது.

விஷயம் இதுதான். கல்யாணமான புதிதில் அவன் நண்பனிடம் போனில், “மாமியார் வந்திருக்காங்கடா, வீடு வீடாவே இல்ல” என்று சொல்லிவிட்டுத் திரும்பினான். பின்னால் அவனுக்குப் போட்ட டீயோடு அவர் நின்றிருந்தார். டீயை மேஜையில் வைத்தார், பெட்டியைக் கட்டினார், போனார். அதற்குப் பிறகு அவன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை, அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கு வந்ததும் மகளுக்காகத்தான். பஸ்ஸில் மகளிடம்கூடக் காதோடு காதாகத்தான் பேசினார்.

கடைசிப் பங்களாவின் பின்புறம் ஒரு புதிர்ப்பாதை. ஆளைவிட உயரமாகச் செடிவேலிகளை வளர்த்து, உள்ளே போனவர் சுலபத்தில் வெளியே வராதபடி வளைத்து வளைத்து வைத்திருந்தார்கள். பணம் அதிகமானால் இப்படித்தான் புத்தி போகும். மாப்பிள்ளை ஐஸ்கிரீமோடு வருவதைப் பார்த்த மாமியார் அதற்குள் நுழைந்தவர், இன்னும் வரவில்லை.

மாஸ்டர் உள்ளே போனான். நாலு திருப்பத்தில் வந்த வழி மறந்துபோயிற்று. ஊருக்கெல்லாம் லெஃப்ட், ரைட் சொல்லிக் கொடுக்கிறவன்! திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றபோது, “யாராவது இருக்கீங்களா?” என்று வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது. கத்திக் கத்திக் கம்மிப்போயிருந்தது.

“அத்தை!”

அந்தப் பக்கத்திலிருந்து தயக்கமாக, “மாப்பிள்ளையா?”

எத்தனை நாளாயிற்று அந்த வார்த்தையைக் கேட்டு!

“நான்தான் அத்தை. பயப்படாதீங்க. வேலியில கை வச்சுக்கிட்டே நடங்க, கையை மட்டும் எடுக்காதீங்க. நான் இந்தப் பக்கம் கூடவே வர்றேன்.”

“சரி மாப்பிள்ளை.”

நடந்தார்கள். முகம் தெரியாதது நல்லதாகப் போயிற்று. நேருக்கு நேர் என்றால் அவனுக்கு நாக்கு எழும்பியிருக்காது.

“அத்தை, என்னை மன்னிச்சிருங்க. அன்னிக்கு போன்ல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

“போன்ல வேற சொன்னீங்களா?”

மாஸ்டரின் கால், இல்லாத பிரேக்கை மிதித்தது. அப்படியானால் இவர் மனசில் வைத்திருப்பது எதை? நிறைய இடத்தில் நிறையத்தான் சொல்லியிருக்கிறான்.

“எங்க சொல்லியிருந்தாலும் தப்பு தப்புதான் அத்தை.”

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “நான் மட்டும் என்ன யோக்கியம்? அந்த டாக்டர் வரனை வேணாம்னுட்டு இவ இப்படி வந்து மாட்டிக்கிட்டாளேன்னு உங்க காதுபடவே சொன்னேனே!”

அவன் காதில் அது பட்டதே இல்லை. டாக்டரா? எந்த டாக்டர்? மனைவி மூச்சுக்கூட விடவில்லையே! நெஞ்சு எரிந்தது. ஆனாலும் பெஞ்சில் இருப்பவளை நினைத்து விழுங்கிக்கொண்டான்.

“அதெல்லாம் நான் அப்பவே மறந்துட்டேன் அத்தை.”

“பெரிய மனசு உங்களுக்கு. நீங்க குளிக்கப் போனப்ப உங்க அலமாரியைக் குடைஞ்சு பார்த்தேன். அதுவும் தப்புதான்.”

“அட, உங்க வீடு மாதிரி அத்தை” என்றான். அலமாரியில் என்னென்ன இருந்தது என்று மனசு தனியாகக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தது.

தூரத்தில் பஸ்காரர் ஹாரன் அடித்தார். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும்.

“வீட்டுக்கு வாங்க அத்தை. நீங்க வந்தாத்தான் உங்க மக என்கூட இருப்பா. அவ இல்லாம எனக்கு அந்த வீட்டுல ஒண்ணுமே இல்ல.”

அந்தப் பக்கம் விசும்பல். “இப்படி ஒரு வார்த்தை கூப்பிட மாட்டீங்களான்னுதானே மாப்பிள்ளை இத்தனை நாளா காத்துக் கிடந்தேன். வர்றேன், கட்டாயம் வர்றேன்.”

மாஸ்டர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பெற்ற தாயே மன்னித்தாற்போல் இருந்தது. இரண்டு பக்கத்துப் பாதையும் ஒரே வாசலில் போய் முடிவது தெரிந்ததும் ஓட்டமும் நடையுமாகப் போய், வெளியே நின்று, கைகூப்பினான்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அந்தப் பக்கத்திலிருந்து வெளியே வந்த அம்மாவை அவன் ஜென்மத்தில் பார்த்ததில்லை. அவரும் இவனைப் பார்த்ததில்லை. புதிர்ப்பாதைக்குள் எங்கிருந்தோ, “போதும், அழாதீங்க மாப்பிள்ளை, நாளைக்கே பெட்டியோட உங்க வீட்டுக்கு வந்துடறேன்” என்று அவனுடைய சொந்த மாமியார் யாரையோ தேற்றிக்கொண்டிருந்தார்.