கல்லில் இல்லாத வரி

கடைக்காரர் அக்காவின் படத்தைக் கழுத்தோடு நிறுத்தியிருந்தார்.

கல்லறைக் கல்லில் முகம் மட்டும் பொறிப்பதுதான் பாளையங்கோட்டையில் வழக்கம். முட்டை வடிவக் கோட்டுக்குள் ஒரு முகம், கீழே வாசகம்.

தங்கை கணினித் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

செல்வி கிரேஸ் ஞானசுந்தரி. எழுபது வயதிலும் செல்விதான். அன்பு, பொறுமை, அடக்கம், ஜெப வாழ்க்கை.

வாசகம் அண்ணன் கொடுத்தது. ஒன்றும் பொய்யில்லை. எழுதும்போது தேம்பித் தேம்பி அழுதார், பாவம்.

ஆனால் அக்கா ஐந்து நாவல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தவள்.

ஐந்தும் ஒரே இங்கிலாந்துக்காரி எழுதியவை. அந்த அம்மாளும் கல்யாணம் ஆகாமல், கூடப்பிறந்தவர்கள் தயவில் இருந்துகொண்டு, ஒரு சின்ன மேஜையில் எழுதினவள்.

அக்காவுக்குச் சாப்பாட்டு மேஜை. குழம்புச் சட்டியை எடுத்த பிறகுதான் அது அவளுடையது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், எழுதிய தாள்கள் தினசரிப் பேப்பருக்கு அடியில் போய்விடும்.

ஒருநாள் அந்த அம்மாளின் கல்லறைப் படத்தை எதிலோ பார்த்துவிட்டு அக்கா கொதித்துப்போனாள்.

"பாத்தியாட்டி! நல்லவ, பொறுமசாலி, பக்தின்னு கல்லு நெறய வெட்டியிருக்கானுவ. நாவலப் பத்தி ஒத்த வார்த்த இல்ல!"

இருநூறு வருஷத்துக்கு முந்திய சாவுக்காக அன்றைக்கு அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

இது மனசில் கிடந்துதான் தங்கை அண்ணனிடம் கெஞ்சினாள். ஒரே ஒரு வரி அண்ணே.

"கதப் பொஸ்தகத்தையெல்லாமா கல்லறையில போடுவாவ?"

அண்ணனுக்குக் கோபமில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். மூத்தவர் சொன்னால் அந்த வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை.

அவள் பையிலிருந்து வேறொரு படத்தை எடுத்துக் கொடுத்தாள்.

சாப்பாட்டு மேஜை. அக்கா நிமிர்ந்து பார்க்கிறாள். யார் அது, நேரங்கெட்ட நேரத்தில் என்கிற முகம். விரல்களில் பேனா. முழங்கைக்கு அடியில் தாள்கள்.

"இதுல சிரிக்கலயே, அம்மா."

"அவ அப்படித்தான்."

கடைக்காரர் அதைத் திரையில் ஏற்றி, மறுபடியும் கழுத்துப் பக்கம் அந்த முட்டை வடிவக் கோட்டைக் கொண்டுபோனார்.

"கைய வெட்டிராதீய!"

அவள் போட்ட சத்தத்தில் பட்டறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைக்காரர் கோட்டைக் கீழே இழுத்தார்.

தோள்.

முழங்கை.

பேனா.

மேஜையின் விளிம்பு வந்ததும் அவள் போதும் என்று தலையாட்டினாள். கண் நிறைந்துவிட்டது.

அப்போதுதான் அண்ணனின் போன் வந்தது. வாசகம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார்.

"நீங்க குடுத்த மாதிரியேதான் இருக்குண்ணே," என்றாள். "ஒரு எழுத்துகூட மாத்தல."