212-ம் நம்பர் வில்லை

“எழுத்தைப் பெரிசா வெட்டச் சொல்லுடி. எங்கப்பாவுக்குக் கண்ணு மங்கல்.”

ஆவண அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்தபடி அம்மா சொன்னபோது மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவின் அப்பா இருபத்தாறு வயதில், பாதி கட்டிய கப்பலுக்குள் தீயில் கருகிப்போனவர். அறுபது வருஷம் ஆகிறது. செத்தவருக்கு என்ன மங்கல்? வயசானால் பேச்சு இப்படித்தான் தடம் மாறும் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனாள்.

வரும் ஞாயிறு கப்பல் கட்டும் தளத்தில் தாத்தாவுக்கு நினைவுக்கல் திறக்கிறார்கள். அவர் வேலை பார்த்த விவரத்தை ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள்.

ஆவணக் காப்பாளர் தும்மிக்கொண்டே தாத்தா வேலைக்குச் சேர்ந்த தாளையும் பழைய கேட் நோட்டையும் தூக்கி வந்து போட்டார்.

“கப்பல் தகட்டுல ரிவெட் ஆணி அடிக்கிறவர்தானே உங்க தாத்தா? வில்லை நம்பர் 212. காலையில கேட்ல பித்தளை வில்லையை வாங்கிட்டு உள்ள போகணும். வெளிய போறப்ப திருப்பிக் குடுத்துக் கையெழுத்துப் போடணும். மறந்தா போச்சு, மறுநாள் மேஸ்திரி கிழிச்சுத் தோரணம் கட்டிடுவார்.”

தீப்பிடித்த தேதியைப் புரட்டினாள். விபத்து நடந்தது மதியம் மூன்று மணிக்கு.

212. உள்ளே: 7.00. வெளியே: 3.40. பக்கத்தில், வேலைக்குச் சேர்ந்த தாளில் பார்த்த அதே கோணல் கையெழுத்து.

அந்த வரியில் விரலை வைத்தாள். “சார்... தாத்தா வெளிய போயிருக்காரே?”

காப்பாளர் குனிந்து பார்த்தார். தும்மல் நின்றுவிட்டது. அடுத்த வரி 213. உள்ளே: 7.00. வெளியே: காலி.

“இது யாரு சார்?”

“ரிவெட்டைக் காய்ச்சிக் குடுக்கிறவர். தீயை வெச்சிட்டு ஓடிட்டான்னு அவர் மேலதான் எழுதிட்டாங்க. அவர் பொண்ணு வருஷா வருஷம் வந்து நிக்கும், ‘எங்கப்பா ஓடலை’ன்னு. நான்தான் வேற வேலை இல்லையான்னு விரட்டுவேன்.”

“அப்ப கிடைச்ச உடம்பு?”

“முகமே இல்லைம்மா. உங்க வீட்லதான் அடையாளம் சொன்னாங்க.”

வெளியே வந்து அம்மாவின் முன்னால் நின்றாள்.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?”

“அம்மா, கல்லை நிறுத்தணும்மா. அதுல இருக்க வேண்டியது வேற ஒருத்தர் பேரு. செத்தவரையே ஓடிப்போனவன்னு சொல்லி, அவர் குடும்பத்தை அறுபது வருஷமா தலைகுனிய வெச்சிருக்காங்க. தாத்தா... தாத்தா அன்னிக்கு உயிரோட வெளிய போயிருக்கார்!”

இதை அம்மா எப்படித் தாங்குவாளோ என்று அவள் கையைப் பற்றினாள். அம்மா அந்தக் கையை விலக்கிவிட்டு எழுந்தாள். ஆவண அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

“மெதுவாப் பேசு. ஞாயித்துக்கிழமை கல்லைப் பார்க்கத் தாத்தாவும் வர்றார்.”