ஐந்தாவது வட்டம்

“பையனுக்கு இருபத்திரண்டு வயசு. கையில ஒரே ஒரு நாள்தான். நீங்களா இருந்தா எங்கெங்க அனுப்புவீங்க சார்?”

சுற்றுலாத் தகவல் மையத்தின் ஜன்னலில் நின்று அந்த அம்மாள் கேட்டதும் உள்ளே இருந்தவருக்கு முகமெல்லாம் பல். காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் கழிப்பறை எங்கே என்று மட்டும்தான் கேட்டிருந்தார்கள்.

“சரியான ஆள்கிட்டதான் வந்திருக்கீங்க.” சிவப்புப் பேனாவைத் திறந்து இலவச வரைபடம் ஒன்றை விரித்தார். பதினாறு வருடமாக இதே நாற்காலி. இந்த ஊரின் மேடு பள்ளம் அத்தனையும் அவருக்கு அத்துப்படி.

“பையன் வெளியில நிக்கிறாரா? கூப்பிடுங்க, நேர்லயே சொல்லிடறேன்.”

“வேண்டாம் சார், எங்கிட்டயே சொல்லுங்க.” அவள் திரும்பி வெளியே பார்த்தாள். பனிமூட்டம் சாலையை விழுங்கியிருந்தது. கீழே எங்கேயோ கப்பல் சங்கு ஒலித்தது. “இந்த ஊர்லதான் இருக்கான்.”

அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவை வழி கேட்க அனுப்பிவிட்டுப் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறவர்.

முதல் வட்டம் கலங்கரை விளக்கத்தின் மேல் விழுந்தது. “காலையில முதல் வேலையா இங்க போகச் சொல்லுங்க. நூத்தி எழுபது படி.”

“நூத்தி எழுபத்திரண்டு.”

“அட, ஏறியிருக்கீங்களா? ஜனங்க பயந்துடுவாங்கன்னு ரெண்டு படியை நான்தான் முழுங்கிட்டேன்!” அவர் குலுங்கிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அடுத்து ரோப் கார். பிறகு மீன்பிடித் துறைமுகம். நாலாவது, வீடுகளுக்கெல்லாம் வண்ணம் அடித்த படிக்கட்டுத் தெரு. ஒவ்வொரு வட்டத்துக்கும் அவள் தலையாட்டினாள், ஒப்பிக்கிற பாடத்தைச் சரிபார்க்கும் டீச்சர் மாதிரி.

“அவ்வளவுதாம்மா. ஒரு நாளைக்கு இதுவே ஜாஸ்தி.”

அவள் நகரவில்லை. ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த படகு நேர அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒட்டிவிட்டுப் போன ஒரு பழைய நோட்டீஸின் மேல் அவர் ஒட்டியது அது. அடியில் இருப்பதைப் படித்துப் பார்க்கிற வழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. ஓரத்தில் கொஞ்சம் தலைமுடியும் ஒரு காதும் மட்டும் வெளியே தெரிந்தன.

“வேற ஒண்ணும் இல்லையா சார்? யாருக்கும் தெரியாத இடம் ஏதாவது? விட்டுடாம சொல்லுங்க. போட்டோன்னா உயிரை விடுவான்.”

ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தை உள்ளே நீட்டினாள். பிள்ளைமேல் இவ்வளவு பாசமா என்று அவருக்கு மனசு இளகிவிட்டது. அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு மறுபடி பேனாவைத் திறந்தார்.

“இது மேப்புல கிடையாது. கலங்கரை விளக்கத்துக்குப் பின்னாடி இறங்கிப் போனா ஒரு கம்பி வேலி வரும். ஒரு இடத்துல பிரிஞ்சு கிடக்கும். குனிஞ்சு நுழைஞ்சா, கடலுக்கு மேல நாக்கு நீட்டின மாதிரி ஒரு பாறை. சாயங்காலம் அங்க நின்னா சூரியன் நம்ம காலுக்குக் கீழ இறங்கும்மா!”

“வேலின்னா... போகக்கூடாதுன்னு போர்டு இருக்குமே சார்?”

“போர்டுக்கென்ன, அவங்க போட்டுக்கிட்டேதான் இருப்பாங்க. எனக்குப் பிடிச்சவங்களுக்கு மட்டும்தான் இதை நான் சொல்றது. இதுவரைக்கும் மொத்தமே நாலஞ்சு பேர் இருக்கும்.” திடீரென்று அவர் குரலில் சின்னதாக ஒரு மனத்தாங்கல். “மத்த இடத்துக்குப் போனவங்க திரும்பி வந்து தேங்க்ஸாவது சொல்லிட்டுப் போவாங்க. இங்க போனவங்க ஒருத்தரும் வந்ததில்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் போலிருக்கு.”

சிரித்தபடியே ஐந்தாவது வட்டத்தைப் போட்டு வரைபடத்தை நீட்டினார்.

அவள் விரல் ஒவ்வொரு வட்டமாகத் தொட்டு வந்து ஐந்தாவதில் நின்றுவிட்டது. கீழே மறுபடி சங்கு ஒலித்தது.

பிறகு கையை நீட்டிப் படகு அட்டவணையைப் பிய்த்தாள்.

“ஏம்மா, அதை ஏன் கிழிக்கிறீங்க?” ஜன்னல் வழியாகத் தலையை நீட்டியவர் அப்படியே நின்றார்.

அடியில் இருந்த நோட்டீஸில் ‘காணவில்லை’ என்ற எழுத்து வெளுத்துப் போயிருந்தது. அதற்குக் கீழே கழுத்தில் கேமராவோடு சிரிக்கும் ஒரு பையன். அந்தச் சிரிப்பு அவருக்கு ஞாபகம் இருந்தது. இதே ஜன்னலில், கையை இறுகப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனவன்.

“‘நாலு இடம் பார்த்தாச்சு, அஞ்சாவதுக்குப் போறேம்மா’ன்னு போன் பண்ணினான். அதோட சரி.” அவள் குரல் உயரவே இல்லை. “மூணு வருஷமா போட்டோவைக் காட்டிக் காட்டிக் கேட்டேன். எல்லாரும் சரியாப் பார்க்காமலே தெரியாதுன்னுட்டாங்க, நீங்களும்தான். அதான் இந்தத் தடவை ஊர் சுத்திப் பார்க்க வந்தவ மாதிரி கேட்டேன்.”

சிவப்பு வட்டம் மேலே தெரியும்படி வரைபடத்தை மடித்துக்கொண்டாள்.

“அஞ்சாவது எதுன்னு இன்னிக்குத்தான் சார் தெரிஞ்சுது.”