பூத்த பிறகு மொட்டு

ஒரு செம்பருத்தி பூப்பதைக் காலை ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை மணிக்கொரு படமாக எடுத்திருந்தார்கள். எடுத்த மணிதான் படத்தின் பேர். அவற்றைக் கோத்து வீடியோவாக்க வந்த ஸ்கிரிப்ட் என்ற கணினி நிரல், பஸ் கண்டக்டர் மாதிரி கத்தியது: "பேரோட முதல் எண்ணை மட்டும்தான் பார்ப்பேன். ஒன்னுல தொடங்குறவங்க முன்னாடி வாங்க!"

விரிந்த பூவோடு பத்து மணிப் படம் முன்னால் போய் நின்றது.

ஏழு மணி மொட்டுக்குத் தலை சுற்றியது. "அண்ணே, நான் பின்னாடி போனா பூ எப்படிப் பூக்கும்?"

"ஒன்னுக்கு அப்புறம்தான் ஏழு. தள்ளி நில்லு!"

"அது ஒன்னு இல்லண்ணே, பத்து!"

"ரெண்டாவது எண்ணையெல்லாம் பார்த்துக்கிட்டிருக்க முடியாது."

வீடியோ ஓடியது. விரிந்திருந்த பூ சட்டென்று மொட்டாகி, பாதி திறந்ததும் நின்றுவிட்டது.

"அண்ணே, இப்ப நாம பூத்தோமா, இல்லையா?" என்று கேட்டது மொட்டு.

ஸ்கிரிப்ட் திரையை வெறித்துப் பார்த்தது. "வரிசை சரியாத்தான் இருக்கு. இந்தப் பூவுக்குத்தான் பூக்கத் தெரியல."