ராத்தாவுக்கு ஒரு ஃபோன் கோல்

முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்த லோஜனாவின் கை சட்டென்று நின்றது. தகர வேலிக்கு அங்கால பக்கத்து வீட்டு ஸுல்பிகா அக்கா பெரிதாகச் சிரித்தாள்.

"ராத்தா, இதைக் கேளுங்களேன்! சீரியல்ல மருமகளைக் கொடுமைப்படுத்துற மாமியா இருக்காவெல்லோ? அவவுக்குச் சந்தையில ஒரு கிழவி குடையால அடிச்சிட்டாவாம்! அவ தலையைத் தடவிக்கிட்டு, 'என்ட நடிப்புக்குக் கிடைச்ச முதல் விருது' எண்டாவாம்!"

தகர இடுக்கால் தெரிந்தது: காதில் ஃபோன். கையில் வாரப் பத்திரிகையின் சினிமாப் பக்கம். ராத்தா என்றால் அக்காதானே; கிண்ணியாப் பக்கம் இருக்கிற தன் அக்காவோடு கதைக்கிறாளாக்கும்.

செத்த வீட்டுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு சிரிப்பா? லோஜனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செத்துப்போன மாமா கோணாமலைக்கு இன்னும் முப்பத்தோராம் நாள் காரியம் முடியவில்லை. டிவியை வேட்டியால் மூடிக் கட்டியிருக்கிறது. மாமி பூரணத்துக்குத் துணையாக இருக்கவென்று, கைக்குழந்தையோடு சாம்பல்தீவில் இருந்து வந்தவள் லோஜனா.

மாமி காலையிலும் இரவிலும் சாப்பாட்டைத் தொடுவதே இல்லை. மத்தியானம் மட்டும் சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வேலிப்பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வா. கொஞ்சம் சாப்பிடுவா. இந்தச் சத்தத்தால் அதுவும் நின்றுவிடுமோ என்று லோஜனாவுக்குப் பயம்.

வேலிக்கு அங்கால அடுத்த செய்தி.

"ஒரு பாட்டுக்காரருக்கு மேடையில பாட்டு மறந்துட்டாம், ராத்தா. மனுசன் கண்ணை மூடிக்கிட்டு, 'வெங்காயம் ரெண்டு கிலோ, நல்லெண்ணெய் ஒரு போத்தல்' எண்டு வீட்டுச் சாமானெல்லாம் ராகத்தோட பாடினாராம். சனம் எழும்பி நிண்டு கை தட்டினதாம்!"

லோஜனாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்ததில் கோபம் இன்னும் கூடிப்போனது.

ஆரோடும் முகம் பார்த்துக் கதைக்கக் கூச்சப்படுகிறவள், எழும்பி வேலியடிக்குப் போனாள். தகரத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"அக்கா... செத்த வீடு. மாமி சாப்பிடுற நேரம். உங்களுக்குக் கொஞ்சமும் இரக்கம் இல்லையே?"

ஸுல்பிகாவின் குரல் வாடிப்போனது.

"குறை நினையாதீங்க புள்ள. என்ட பிழைதான்."

 பத்திரிகையை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

லோஜனா திரும்பி வந்து இருக்க முதலே அறைக்கதவு திறந்தது. மாமி. கையில் கோப்பை. சோறு போட்டபடி கிடந்தது.

"ஏன் பிள்ளை, ஸுல்பிகா நிப்பாட்டிப் போட்டா?"

"நான்தான் மாமி பேசிப்போட்டன். அக்காவோட கதைக்கிறதெண்டா உள்ளுக்குப் போய்க் கதைக்கட்டுமே."

"எந்த அக்கா? அவ ஒத்தைப் பிள்ளையெல்லே. அந்த ஃபோனில ஒருத்தரும் இல்லை."

லோஜனா முழித்தாள்.

"மாமா இருக்கேக்க, நான் சாப்பிடுற நேரம் இந்தச் சினிமாப் பக்கத்தைத்தான் வாசிச்சுக் காட்டுறவர். எனக்கு எங்க எழுத்துக் கூட்ட வரும்? இப்ப நான் சினிமாக் கதை கேட்டா ஊர்ச்சனம் என்ன சொல்லும்? அதுதான் அவ ஃபோனைக் காதில வச்சுக்கொண்டு, ஊர்ப் பேச்சையெல்லாம் தன்ட தலையில வாங்கிறா." மாமி வேலிப்பக்கம் பார்த்தா. "ராத்தா எண்டு என்னைத்தான் கூப்பிடுறவ."

லோஜனா வேலியடிக்கு ஓடினாள். இந்த முறை தகரத்துக்கு மேலால் தலையை நீட்டினாள்.

"அக்கா! ஓடி வாங்கோ. ராத்தா லைனில நிக்கிறா!"

அடுப்படி வாசலில் ஸுல்பிகாவின் தலை தெரிந்தது. ஒரு கணம் விளங்காமல் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். ஃபோனைத் தேடி எடுத்துக் காதில் வைத்தாள்.

"அக்கா, நான் பேசினதை மனசில வையாதேங்கோ. நான் ஒண்டும் தெரியாமல் உங்களைப் போய்..."

"பிள்ளை!" உள்ளே இருந்து மாமி. "கதையைப் பிறகு கதை. இந்தச் சோறு ஆறிப்போச்சு. சுடச்சுட, கொஞ்சம் கூடப் போட்டுக் கொண்டு வா!"