பேச்சியம்மாவின் முதலாம் விருப்பு

“இந்தப் புள்ளதானே? வந்துச்சே. வந்து இந்தப் படியிலதான் குந்தியிருந்துச்சு,” என்றாள் பேச்சியம்மா.

ஜனார்த்தனன் இதை எதிர்பார்த்து மலையேறி வரவில்லை. தேர்தல் கருத்துக்கணிப்பு எடுக்கும் கண்டிக் கம்பெனி ஒன்றில் அவன் மேற்பார்வையாளன். கணிப்பு எடுத்ததாகச் சொல்லும் வீடுகளுக்குத் திரும்பப் போய், ஆள் வந்தது உண்மைதானா என்று விசாரிப்பது அவன் வேலை.

கட்டுகஸ்தோட்டைக்காரி கிருஷாந்தி, போன கிழமை பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் எடுத்துக் கொடுத்த பதில்கள் கொஞ்சம் அதிகமாகவே ஒழுங்காக இருந்தன. பொய் என்றால் இன்றோடு அவளை நிறுத்திவிடு என்று மேலிடம் சொல்லியிருந்தது. அவள் வீட்டில் சம்பளம் கொண்டுவருகிற ஆள் அவள் ஒருத்திதான் என்பதும் அவனுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை, லயத்தில் ஆட்கள் இருப்பார்கள் என்று அவளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறியிருந்தான்.

முற்றத்தில் நின்று அவன் விஷயத்தைச் சொன்னபோது பேச்சியம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டிருந்தாள். “வரலேன்னா புள்ளைக்குப் பேர் வெட்டிருவீங்களா?”

தோட்டத்தில் ஒருவருடைய அன்றைய நாள் சம்பளத்தை இல்லாமலாக்குவதை அப்படித்தான் சொல்வார்கள்.

“பேர் இல்லம்மா, வேலையே போயிரும்,” என்றிருந்தான் அவன். அதற்குத்தான் ‘வந்துச்சே’ என்ற இந்தப் பதில்.

“உள்ள வாங்க ஐயா. தண்ணி கொதிக்குது.”

கிருஷாந்தி குனியாமல் நுழைந்து, வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டாள். ‘ணங்’ என்று கேட்டது.

“அன்னைக்கும் இதே எடத்துலதான் இடிச்ச. கண்ண எங்க வச்சிக்கிட்டு நடக்குற நீ?”

ஜனார்த்தனனுக்குச் சிரிப்பு வந்தது. கம்பெனியின் அத்தனை கேள்விகளையும்விட இந்த ஒன்று போதும் என்று பட்டது. கிருஷாந்தி சிரிக்கவில்லை. நெற்றியைத் தேய்த்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒற்றைக் காம்பரா, அந்த ஓர் அறைதான் வீடு. இருந்த ஒரு கதிரையை அவனுக்கு இழுத்துப் போட்டாள் பேச்சியம்மா. சுவர் வெடிப்புகளில் காற்று வராமலிருக்கத் தேர்தல் போஸ்டர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன. எல்லாக் கட்சியும் இருந்தது. எல்லாமே நனைந்து ஒரே நிறமாகியிருந்தது.

“ஜனாதிபதி எலெக்ஷன்ல யாருக்குப் போடுவீங்கன்னு கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ரகசியமா வச்சுக்குவேன்னு சொல்லித்தானே புள்ள கேட்டுச்சு. அதுகிட்ட சொன்னத உங்ககிட்டயும் சொல்லணுமா?”

சரியான பதில். அந்த வாக்குறுதியைக் கொடுத்த பிறகே கேள்வியைத் தொடங்க வேண்டும் என்று பயிற்சியில் அவனே சொல்லிக் கொடுத்திருந்தான்.

“ரெண்டாவது விருப்பு, மூணாவது விருப்பு? அதையும் கேட்டுச்சா? ஒருத்தருக்கும் பாதிக்கு மேல விழலேன்னா, தோத்தவங்களுக்குப் போட்ட சீட்டுல அதையும் பாத்து எண்ணுவாங்க.”

“எத எண்ணுனா என்ன ஐயா. ஒண்ணு போட்டாலும் ரெண்டு போட்டாலும் மறுநாள் கொழுந்துக்குத்தான் போறோம்.”

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள். சொல்லிக்கொண்டே தேத்தண்ணியை ஊற்றினாள். கொழுந்துச் சாயம் ஏறிய விரல்கள், எந்தச் சோப்புக்கும் போகாத கறுப்பு.

“அப்படிச் சொல்லாதீங்கம்மா. இந்த லயத்துல நாலஞ்சு பேர் சொன்னதத்தான் தோட்டத்து ஆளுக மொத்தப் பேரும் சொன்னதா பேப்பர்ல போடுவாங்க.”

“மத்தவங்களக் கேக்காமலேயா?”

“உங்களக் கேட்டாச்சுல்ல.”

“ஆமா,” என்றாள் பேச்சியம்மா. “கேட்டாச்சு.”

கிருஷாந்தி கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தாள். சூடு என்று நினைத்து ஜனார்த்தனன் தன் கைக்குட்டையை நீட்டினான். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அவன் போனை எடுத்து ‘சரி’ என்ற கட்டத்தை அமத்தினான். ஒரு வீடு இவ்வளவு சுத்தமாக ஒத்துப்போனால் மற்ற வீடுகளுக்கு ஏறி இறங்க வேண்டியதில்லை. கணிப்பு நாளைக்கே பத்திரிகைக்குப் போய்விடும். யார் முன்னால், யார் பின்னால் என்று ஊரெல்லாம் பேசும். அவனுக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. இந்தப் பெண்ணை நிறுத்துகிற வேலை தன் தலையில் விழாமல் போனதே போதும்.

“தங்கச்சி, ஒன்னச் சந்தேகப்பட்டுட்டேன். மனசுல வச்சிக்காத.”

“இல்ல சேர்,” என்றாள் கிருஷாந்தி. காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“வாறேன்மா. பஸ்ஸ விட்டா அடுத்தது எப்பன்னு தெரியாது. தங்கச்சி, குடிச்சிட்டு வா.”

அவன் முற்றத்தில் இறங்கிச் சப்பாத்தை மாட்டப் போனான். கயிறு ஈரத்தில் இறுகிக் கிடந்தது. குனிந்து அதை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, உள்ளே பேச்சியம்மா தாழ்ந்த குரலில் கேட்பது திறந்திருந்த கதவு வழியாக வந்தது.

“ஏன் புள்ள, நான் யாருக்குப் போடுறதா எழுதிக் குடுத்த? சொல்லிட்டுப் போ, அப்படியே போட்டுர்றேன்.”